பெரியம்மா காத்திருந்த திருப்பம்

‘தி அன்டேம்ட்’ என்ற சீனத் தொடரில் லான் வாங்ஜிக்கு வெய் வூஷியான் மீது இருப்பது காதல்தான். நட்பு, சகோதர பாசம், குருகுலத் தோழமை என்று எந்தப் பெயரைச் சொல்லிச் சமாளித்தாலும் ஐம்பது எபிசோடுகளும் அதற்கு ஒத்துழைக்க மறுக்கின்றன. இதைச் சொன்னதும் வரும் பதில் எனக்கு மனப்பாடம்: “எதைப் பார்த்தாலும் உங்களுக்கு அதுதானா? இரண்டு ஆண்கள் நண்பர்களாக இருக்கவே கூடாதா?”

தாராளமாக இருக்கலாம். அந்தத் தொடரிலேயே அப்படி இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ‘தி அன்டேம்ட்’ 2019இல் சீனாவின் டென்சென்ட் தளத்தில் வெளியானது. நெட்ஃபிளிக்ஸ் வழியாக நம் பிள்ளைகளின் கைபேசிக்கும் வந்து சேர்ந்தது. மந்திர தந்திரம், வாள் வித்தை, குலச் சண்டை எல்லாம் உண்டு. மூலம் ஓர் இணைய நாவல். எழுதியவர் மோ ஷியாங் தோங் ஷியு என்ற புனைபெயர் கொண்ட பெண். நாவலில் ஒளிவுமறைவு கிடையாது. இருவரும் காதலர்கள், பிறகு தம்பதிகள்.

தொலைக்காட்சிக்கு அது ஆகவில்லை. சீனாவில் தன்பாலின உறவு 1997லேயே குற்றங்களின் பட்டியலிலிருந்து போய்விட்டது. இருந்தும், திரைக்கு வேறு நியாயம். 2015 முடிவில் தயாரிப்பாளர் சங்கங்கள் வகுத்த விதிகளில், காட்டக் கூடாத ‘இயல்புக்கு மாறான’ உறவுகளோடு இதையும் சேர்த்தார்கள். அடுத்த சில மாதங்களுக்குள், இரண்டு மாணவர்களின் காதலைச் சொன்ன ஓர் இணையத் தொடர் முடிவதற்கு முன்பே இறக்கப்பட்டது. ‘தி அன்டேம்ட்’ எடுத்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? நாவலிலிருந்து காதலைக் கழித்துவிட்டு எடுத்தார்கள்.

கழித்ததாகக் கணக்குக் காட்டினார்கள் என்பதுதான் சரி. தையலைப் பிரித்த துணியில் ஊசித்துளை தெரியாமலா போகும்?

நெற்றிப்பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். லான் குலத்தார் நெற்றியில் வெள்ளைப் பட்டை கட்டுவார்கள், தன்னடக்கத்தின் அடையாளமாக. பெற்றோர், மனைவி, மக்கள் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்பது குலவிதி. கதையின் தொடக்கத்தில், இருவரும் குளிர் உறைந்த ஒரு குகைக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். அங்கே ஒரு நரம்பிசைக் கருவி. லான் குலத்தைச் சேராதவன் நெருங்கினால் அது தாக்கும். லான் வாங்ஜி என்ன செய்கிறான்? பட்டையை அவிழ்த்து ஒரு முனையைத் தன் மணிக்கட்டிலும் மறுமுனையை வெய்யின் மணிக்கட்டிலும் கட்டுகிறான். கருவி அடங்கிவிடுகிறது. இவன் நம்மவன் என்று குலதெய்வத்துக்கே சொல்வது போன்ற காரியம் அது. கெட்டிமேளம் ஒன்றுதான் பாக்கி.

இன்னொரு குகை, இன்னொரு காட்சி. வெய் காய்ச்சலில் கிடக்கிறான். லான் வாங்ஜி தான் அமைத்த ஒரு மெட்டைப் பாடிக் காட்டுகிறான். “இந்தப் பாட்டின் பெயர் என்ன?” என்று கேட்கிறான் வெய். வாங்ஜியின் உதடுகள் அசைகின்றன; சத்தம் வரவில்லை. நாவலில் அந்தப் பெயர், இவன் பெயரில் ஓர் எழுத்தும் அவன் பெயரில் ஓர் எழுத்தும் எடுத்துச் சேர்த்தது. தொடரில் அதைச் சொல்ல முடியாது. வேறு ஏதாவது ஒரு பெயரை வைத்துவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உதட்டை அசைய விட்டு ஒலியை மட்டும் எடுத்தவர், என்னைப் பொறுத்தவரை, ‘இங்கே ஒன்றை எடுத்திருக்கிறேன், பார்த்துக்கொள்’ என்று நமக்குச் சொல்லிவிட்டுத்தான் எடுத்திருக்கிறார்.

பிறகு வெய் மலையுச்சியிலிருந்து விழுந்து சாகிறான். பதினாறு ஆண்டுகள் லான் வாங்ஜி இசைக்கருவியை மீட்டி, ஆவிகளிடம் அவனைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருக்கிறான். வெய் காப்பாற்ற நினைத்த, எதிரிக் குலத்துச் சிறுவனைத் தன் வீட்டுப் பிள்ளையாக வளர்க்கிறான். மது தொடக் கூடாத குலத்தில் பிறந்தவன், வெய்க்குப் பிடித்த மதுவைத் தன் அறையில் ஒளித்து வைத்திருக்கிறான். இத்தனைக்கும் இவன் வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம்; பாதிக் கேள்விகளுக்கு “ம்” தான் பதில். வாங் யிபோ அந்தப் பாத்திரத்தில் முகத்தில் ஒரு தசையைக்கூட வீணாக்கவில்லை. (அதையே ‘நடிக்கத் தெரியவில்லை’ என்றவர்கள் உண்டு. அவர்களோடு தனியாகச் சண்டை இருக்கிறது.)

வெய் வேறோர் உடலில் திரும்பி வருகிறான், முகமூடியோடு. மலையில் ஆபத்து வந்தபோது, கையில் கிடைத்த மூங்கிலைச் சீவிக் குழலாக்கி ஊதுகிறான். அவன் அறியாமல் அந்தப் பழைய மெட்டு வருகிறது. பின்னாலிருந்து ஒரு கை வந்து மணிக்கட்டைப் பிடிக்கிறது. அந்த மெட்டை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

இப்போது அந்த ‘நண்பர்கள்’ விஷயம். வெய்யுடன் ஒரே வீட்டில் வளர்ந்தவன் ஜியாங் செங். அவனும் வெய்யின் குழலைப் பதினாறு ஆண்டுகள் வைத்துக் காக்கிறான். அது கோபமும் பாசமும் பிரிக்க முடியாமல் கலந்துபோன உடன்பிறப்புத் தவிப்பு. நான் அதைக் காதல் என்று வாசிக்கவில்லை. நியே ஹுவாய்சாங் கூடச் சேர்ந்து ஊர் சுற்றிய தோழன். அதையும் அப்படி வாசிக்கவில்லை. நட்புக்கு ஒரு மொழியும் வாங்ஜிக்கு வேறொரு மொழியும் வைத்துத்தான் அந்தத் தொடரே எடுக்கப்பட்டிருக்கிறது. ‘வெறும் நட்பு’ என்று சொல்வதற்கு நெற்றிப்பட்டையை விட வேண்டும், பாட்டின் பெயரை விட வேண்டும், மதுக் குடத்தை விட வேண்டும். இல்லாததை நான் சேர்க்கிறேன் என்கிறீர்கள். இருப்பதைக் கழிப்பது யார்?

இதற்கு என்னிடம் ஒரு சாட்சியும் உண்டு. புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் பெரியம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூரிலிருந்து அங்கே போவேன். ஆங்கில சப்டைட்டிலை நான் படித்துத் தமிழில் சொல்ல, அவர் கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பார். நாவலைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. நான்கைந்து எபிசோடுகளிலேயே பெரியம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: நீளக் கூந்தலும் சிரித்த முகமுமாகத் திரிகிற வெய் வூஷியான், ஆண் வேடமிட்ட பெண். பள்ளியில் சேருவதற்காக வேஷம் போட்டிருக்கிறது. அது வாங்ஜிக்கும் தெரியும், வெளியே சொல்லாமல் காக்கிறான். அந்தப் பட்டை கட்டும் காட்சியில் கீரையைக் கீழே வைத்துவிட்டு, “ஏம்மா, இந்தப் பெண் எப்போதுதான் வேஷத்தைக் கலைக்கும்?” என்று கேட்டார்.

பெரியம்மாவுக்கு மறைபொருள் வாசிப்பு என்றெல்லாம் எதுவும் தெரியாது. ஆனால் நம் தொலைக்காட்சித் தொடர்களில் ஊறியவர். கேமரா எப்போது மெதுவாகிறது, இசை எங்கே எழுகிறது, யார் யாரைப் பார்க்காதது போலப் பார்க்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அடையாளங்களை எல்லாம் பிசகாமல் படித்துவிட்டார். ஆணும் ஆணும் என்ற எண்ணம் வரவே வழியில்லாததால், கணக்கை நேர்செய்ய ஒருவனைப் பெண்ணாக்கிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. வாங்ஜி பெண்ணாக இருந்திருந்தால் முகநூலில் என்னிடம் ஆதாரம் கேட்பவர்களும் ‘என்ன ஜோடி!’ என்று உருகியிருப்பார்கள்.

கடைசி எபிசோடில் இருவரும் பிரிகிறார்கள். வெய் ஒரு குன்றின் மீது குழல் ஊதுகிறான். பின்னாலிருந்து ஒரு குரல் அவன் பெயரைச் சொல்கிறது. திரும்பிச் சிரிக்கிறான். முடிந்தது. அழைத்தவன் முகத்தைக்கூடக் காட்டவில்லை. பெரியம்மாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! “வேஷமும் கலையவில்லை, கல்யாணமும் நடக்கவில்லை, இதற்கா இத்தனை நாள்?” என்றார். அப்போதுதான் நாவலில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அதைச் சொல்லித் தொலைத்திருக்க வேண்டியதுதானே” என்று எழுந்து போய்விட்டார். அதில் பாதி எரிச்சல் என் மீது என்று நினைக்கிறேன்.

படித்தவர்கள் வைக்கும் வாதம் வேறு. ‘கோப்பெருஞ்சோழன் பிசிராந்தையார் நட்பையும் இப்படித்தான் சொல்வீர்களா?’ சொல்ல மாட்டேன். நேரில் கண்டிராத புலவனுக்கு வடக்கிருக்க இடம் ஒதுக்கச் சொன்னான் சோழன். பிசிராந்தையார் வந்து சேர்ந்ததைப் புலவர்கள் வியந்து பாடினார்கள். அங்கே எதையும் வெட்டி எடுத்ததற்குத் தடயம் இல்லை. நான் தேடுவது வெட்டிய இடத்தைத்தான். தவிர, உள்ளுறை, இறைச்சி என்று மறைபொருளை இலக்கணத்திலேயே வைத்திருப்பவர்கள் நாம். நாரையையும் மீனையும் பாடினால் அதற்குள் தலைவனையும் தலைவியையும் தேடு என்று பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் போட்டுச் சொல்லிக் கொடுக்கிறோம். தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்ததும் ‘நேரடியாகச் சொன்னார்களா?’ என்கிறோம்.

ஆனாலும் இந்த மறைப்பைக் கொண்டாடுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. ‘சொல்லாமல் விட்டதுதான் அழகு’ என்கிறார்கள். சொல்ல விடவில்லை, ஐயா. கட்டிய கையோடு ஆடினார்கள், நன்றாகவே ஆடினார்கள். அதற்காகக் கயிற்றைப் பாராட்ட முடியுமா? 2021க்குப் பிறகு கட்டுப்பாடு இன்னும் இறுகி, இதே வகை நாவல்களிலிருந்து எடுத்து முடித்த தொடர்கள் சிலகூட வெளிவராமல் முடங்கின.

நம் கதை இன்னும் விசித்திரம். இந்தியத் தண்டனைச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வந்தபோது தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு கடலூரில் இருந்தது. எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிப் பிரெஞ்சுப் புதுச்சேரிக்குள் அது செல்லாது. பெரியவர்கள் இருவர் மனமொத்துத் தனிமையில் இருப்பதைப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம் 1791லேயே விட்டுவிட்டது. இணைப்புக்குப் பிறகு, 1960களில்தான் இந்தியச் சட்டம் அங்கே போயிற்று. புதுச்சேரி விடுதலை பெற்று, இந்த ஒரு விஷயத்தில் குற்றவாளியைப் பெற்றது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதை முடித்து வைத்தது. 2022இல் தமிழ்நாடு அரசு தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினருக்கான சொற்களஞ்சியத்தை அரசிதழிலேயே வெளியிட்டது.

அப்படியானால் நான் பார்க்கிற தமிழ் மெகா தொடர்களில் கதாநாயகியின் தோழி ஏன் இன்னும் அப்படியே நிற்கிறாள்? அவளுக்காக வேலையை விடுவாள், அடி வாங்குவாள், வரும் வரன்களை எல்லாம் காரணமில்லாமல் தட்டிக் கழிப்பாள். நமக்கு ஏதோ புரியத் தொடங்கும் வாரத்தில் எங்கிருந்தோ ஒரு முறைமாமனைக் கொண்டுவந்து அவசர அவசரமாகத் தாலி கட்ட வைப்பார்கள். சீனாக்காரர்களுக்குத் தணிக்கை என்ற காரணமாவது இருந்தது. இவர்களுக்கு விளம்பரதாரர் பயமா, சேனலின் பயமா, வீட்டில் பெரியவர்கள் பார்க்கிறார்களே என்ற பயமா? கடைசிக் காரணத்தை என்னிடம் சொல்ல வேண்டாம். வீட்டுப் பெரியவர் ஒருவர் என்ன கேட்டார் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

தொடரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: முதல் இரண்டு எபிசோடுகளில் யார் யார் என்றே புரியாது, பெயர்களும் குழப்பும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றிலிருந்து முப்பத்து மூன்று வரை பழைய கதை. முப்பத்து மூன்றை முடித்தவுடன் முதல் இரண்டையும் மறுபடி பாருங்கள். அதன் பிறகும் நட்புதான் என்றால் வாருங்கள், பேசுவோம். எனக்கு இந்த வாரம் இரவு எட்டு மணிக்கு மேல் வேலை எதுவும் இல்லை.