அமெரிக்கர்கள் ஏன் லீவு எடுக்கத் தயங்குகிறார்கள்?

அமெரிக்கர்களுக்கு வேலைதான் உயிர், அதனால்தான் லீவே எடுப்பதில்லை என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக இருக்கிறது. இங்கே வேலை பார்க்கும் நம்மவர்களும் ஊரில் இருப்பவர்களிடம் இதையே பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு கிடையாது. இத்தனை வருடம் இவர்களோடு உட்கார்ந்து வேலை பார்த்ததில் நான் கண்டதெல்லாம் பயம்தான். அந்தப் பயத்துக்குக் காரணம் மனிதர்களிடம் இல்லை, சட்டத்தில் இருக்கிறது.

1938-ல் அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் வந்த தொழிலாளர் சட்டம்தான் இன்றைக்கும் இங்கே அடிப்படை. குறைந்தபட்சக் கூலி அதில் இருக்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் தாண்டினால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் இருக்கிறது. சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று மட்டும் ஒரு வரி கிடையாது. கிறிஸ்துமஸ் அன்றுகூடத் தனியார் முதலாளி சம்பளத்தோடு லீவு தந்தே ஆக வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொல்லவில்லை. பிரான்ஸ் 1936-லேயே எல்லாத் தொழிலாளர்களுக்கும் இரண்டு வாரம் கொடுத்துவிட்டது, இப்போது அது ஐந்து வாரம். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கக் குறைந்தது நான்கு வாரம். நம் ஊரில் 1948-ல் வந்த ஃபேக்டரி சட்டத்திலேயே, வருடத்துக்கு 240 நாள் வேலை பார்த்தவருக்கு இருபது நாளைக்கு ஒரு நாள் என்று சம்பளத்தோடு விடுப்பு கொடுத்துவிட்டார்கள். உலகத்தின் பெரிய பணக்கார நாட்டில் அதுகூட இல்லை.

அப்படியானால் இங்கே யாருக்குமே லீவு கிடையாதா? உண்டு. முதலாளி மனம் வைத்துக் கொடுப்பது. தனியார் துறையில் ஒரு வருடம் முடித்தவருக்குச் சராசரியாகப் பத்துப் பதினோரு நாள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஒரு நாள்கூட இல்லை. அவர்களில் பலர் ஓட்டல், கடை, முதியோர் பராமரிப்பு என்று நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்கள். ஓய்வு யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்களுக்குத்தான் அது இல்லை.

கிடைக்கிற நாளையும் விடுமுறையாக எடுக்க முடிகிறதா என்றால், அங்கேதான் பிடிஓ (Paid Time Off, சம்பளத்தோடு லீவு) என்ற ஏற்பாடு வருகிறது. பல கம்பெனிகளில் விடுமுறை, உடம்புக்கு முடியாத நாள், சொந்த வேலை எல்லாம் ஒரே கணக்கு. என் குழுவில் ஒரு பெண்மணி இருந்தார், ஒஹாயோக்காரர், இரண்டு சின்னக் குழந்தைகள். ஜனவரியிலேயே உட்கார்ந்து கணக்குப் போடுவார். பனி கொட்டிப் பள்ளிக்கூடத்தை மூடினால் இத்தனை நாள், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் இத்தனை, அம்மாவின் கீமோவுக்கு இத்தனை. கீமோ நாள்களை அரை அரை நாளாகப் பிரித்துக்கொள்வார். காலையில் அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மதியம் லாகின் ஆகிவிடுவார். தனக்கு ஜலதோஷம் என்றால் லீவு போட மாட்டார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே மீட்டிங்கில் இருப்பார். டிசம்பரில் தப்பித் தவறி நாலு நாள் மிஞ்சினால், வருடக் கடைசி வேலை தலைக்கு மேல் நிற்கும். அடுத்த வருடத்துக்கு அதைக் கொண்டுபோகவும் முடியாது. அந்த நாலு நாளும் போச்சு. கலிஃபோர்னியா மாதிரிச் சில மாநிலங்களில்தான் சேர்ந்த லீவைச் சம்பளம் போலக் கருதி, அதைப் பறிக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். இந்தப் பெண்மணியைப் பார்த்து வேலை மேல் ஆசை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அன்லிமிடெட் பிடிஓ என்று இப்போது ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதே, அதைக் கேட்டு ஊரில் இருப்பவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம். கணக்கு என்று ஒன்று இருந்தால்தான் உன் பங்கு 15 நாள், அதை எடு என்று யாராவது சொல்ல முடியும். கணக்கே இல்லாத இடத்தில் பக்கத்து மேசைக்காரர் எத்தனை எடுக்கிறார் என்று பார்த்து, அதற்கும் ஒரு நாள் குறைவாக எடுக்கிறார்கள். வேலையை விட்டுப் போகும்போது மிச்ச லீவுக்குப் பணம் கொடுக்க வேண்டிய செலவும் கம்பெனிக்குப் பெரும்பாலும் இல்லாமல் போகிறது. லாபம் யாருக்கு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இத்தனைக்கும் அடியில் இருப்பது வேலை போய்விடுமோ என்ற நடுக்கம். மொன்டானா தவிர மற்ற மாநிலங்களில் பொதுவாகக் காரணமே சொல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கூலி உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். ஆள் பிடிக்க முதலாளிகள் காப்பீடு தர ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து மருத்துவக் காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது. வேலை போனால் சம்பளத்தோடு குழந்தையின் டாக்டரும் போய்விடுவார். இந்த நிலையில், நான் இரண்டு வாரம் இல்லாமலே எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டது என்று மேலே இருப்பவர் கவனித்துவிட்டால்? ஹெச்1பி வேலை விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சுமை. வேலை போனால் 60 நாளில் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். அதனால்தான் தங்கை கல்யாணத்துக்குப் போன இடத்திலும், வீட்டில் எல்லோரும் பந்திக்கு உட்காரும் நேரத்தில், மாடி அறைக்குப் போய் லேப்டாப்பைத் திறக்கிறார்கள்.

பியூ ஆய்வு மையம் 2023-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், சம்பளத்தோடு லீவு உள்ளவர்களில் 46 சதவீதம் பேர் அதை முழுதாக எடுப்பதில்லை என்று தெரிந்தது. காரணம் கேட்டபோது பாதிப் பேர் தேவைப்படவில்லை என்றார்கள். இந்தப் பதிலை நான் அப்படியே நம்ப மாட்டேன். கேட்டு வாங்கச் சங்கடப்படுகிறவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுவது எங்கும் நடப்பதுதான். ஏறக்குறைய அதே அளவு பேர் வேலையில் பின்தங்கிவிடுவோம் என்றார்கள். பத்தில் நான்கு பேருக்கு மேல் தங்கள் வேலை சக ஊழியர் தலையில் விழுமே என்று வருந்தினார்கள். கடைசிப் பதில்தான் எனக்கு மிகவும் உறைத்தது. ஒருவர் போனால் அந்த இடத்தைப் பார்க்க ஆளே வைக்காமல் குழுவை நடத்திவிட்டு, அந்தக் குற்ற உணர்வையும் தொழிலாளியிடமே விட்டுவிடுகிறார்கள்.

சங்கம் இருந்தாலும் சுலபம் இல்லை. 2022-ல் ரயில்வே தொழிலாளர்கள் சம்பளத்தோடு நோய் விடுப்பு கேட்டு ஸ்ட்ரைக் செய்யும் நிலை வரை போனார்கள். டிசம்பரில் ஸ்ட்ரைக்கைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. ஏழு நாள் நோய் விடுப்புக்குக் கீழவை ஒப்புக்கொண்டது. செனட்டில் 52 பேர் ஆதரித்தும் 60 ஓட்டு வேண்டும் என்பதால் அது விழுந்தது.

"மனநிலை மாற வேண்டும்" என்று அறிவுரை சொல்பவர்கள் ஜப்பானைப் பார்க்க வேண்டும். லீவு எடுக்கக் கூச்சப்படுவதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. 2019-லிருந்து அங்கே, பத்து நாளோ அதற்கு மேலோ லீவு உள்ள ஒவ்வொருவரும் ஐந்து நாளாவது எடுக்கும்படி பார்த்துக்கொள்வது முதலாளியின் சட்டப் பொறுப்பு, தவறினால் அபராதம். கேட்கும் சுமையைத் தொழிலாளியிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இங்கே வேண்டியதும் அதுதான். மத்தியச் சட்டத்தில் இரண்டு வாரம், நோய் விடுப்பு தனிக் கணக்கு, எடுக்க வைக்கும் பொறுப்பு முதலாளிக்கு.

சில மாநிலங்களில் சின்னதாக ஆரம்பித்திருக்கிறார்கள். நெவாடாவும் மெய்னும் முதலில் செய்தன. 2024 ஜனவரியிலிருந்து இல்லினாயில் பெரும்பாலான தொழிலாளர்கள் வருடத்துக்கு 40 மணி நேரம் வரை, காரணம் சொல்லாமலே, சம்பளத்தோடு லீவு சேர்க்கலாம். ஆனால் எல்லை தாண்டி இண்டியானாவில் அதே மாதிரி ஓட்டலில் அதே பாத்திரத்தைக் கழுவுபவருக்கு அந்த உரிமை இல்லை. இதை வாஷிங்டனில்தான் சரிசெய்ய முடியும். குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடும் நம்மவர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். அடுத்த முறை வேட்பாளர் உங்கள் கோயிலுக்கோ தமிழ்ச் சங்கத்துக்கோ கும்பிடு போட வரும்போது, விசா பற்றி மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். இதையும் கேளுங்கள்.