பின்கதவின் திறப்பு யாரிடம் இருக்கிறது?

மட்டக்களப்பு நகரில், மூன்று மாடிக் கட்டடமொன்றில் இயங்கும் எங்கள் அலுவலகத்தில் சென்ற மாதம் தீ ஒத்திகை நடைபெற்றது. காலை பத்தரை மணிக்கு மணி ஒலிக்கும் என ஒரு வாரத்துக்கு முன்னரே சுற்றுநிருபம் வந்திருந்ததால், பத்து இருபதுக்கே பலர் இலாச்சியைப் பூட்டி, கைப்பையைத் தோளில் மாட்டி, தேநீரையும் குடித்து முடித்து ஆயத்தமாக இருந்தனர். நான்கு நிமிடங்களில் எல்லோரும் வாகனத் தரிப்பிடத்துக்கு வந்துவிட்டோம். பாராட்டும் கிடைத்தது, படமும் எடுத்தார்கள்.

அன்று அனைவரும் இறங்கியது முன்படிக்கட்டு வழியாக. பின்படிக்கட்டின் அடியிலுள்ள கதவில், மேலே ‘அவசர வெளியேறும் வழி’ என்ற பச்சைப் பலகையும் கீழே ஓர் ஆமைப்பூட்டும் தொங்குகின்றன. காவலாளி அண்ணனிடம் கேட்டேன். “கள்ளர் தொல்லை சேர். திறப்பு நம்மட பையிலதான் கிடக்கு, பயப்படாதீங்க” என்றார். இதைச் சொல்லும்போது அவர் வீதிக்கு எதிர்ப்புறத் தேநீர்க் கடையில் நின்றார்.

1911இல் நியூயோர்க்கின் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீவிபத்தில் 146 பேர் இறந்தபோதும், ஒன்பதாம் மாடியின் கதவொன்று களவுக்கு அஞ்சியே பூட்டப்பட்டிருந்தது. ஆட்கள் உள்ளே இருக்கும்போது, உள்ளிருந்து உடனே திறக்க முடியாதபடி கதவைப் பூட்டலாகாது என்று எங்கள் நாட்டின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் கூறுகிறது. அது தொழிற்சாலைக்குரியது, கந்தோருக்கன்று என்று வாதாடுவோர் உண்டு. அவர்கள் மூன்றாம் மாடியில் இருந்து வேலை செய்பவர்கள் அல்லர் என்பது என் ஊகம்.

தலை எண்ணுவதிலும் ஒரு சிக்கல். வரவு இடாப்புக்குப் பதிலாக விரலடையாள இயந்திரம் வந்தபின், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே ஓட வழியில்லை. மின்சாரம் நின்றால் அதுவும் இல்லை.

2012 ஏப்ரல் 11 அன்று, சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கிச் சுனாமி எச்சரிக்கை வந்த பிற்பகலில், நாங்கள் யாரும் கைப்பையைத் தேடவில்லை. 2004 அதைக் கற்றுத் தந்திருந்தது. ஆனால் கடலுக்கு அஞ்சி ஓடப் பழகிய நாம், நெருப்பென்றால் சுற்றுநிருபத்துக்குக் காத்திருக்கிறோம்.

அடுத்த ஒத்திகையை நேரம் அறிவிக்காமல், முன்படிக்கட்டில் புகை நிறைந்துவிட்டதாகக் கொண்டு, அதை மறித்துவிட்டு நடத்துமாறு முகாமையாளருக்கு எழுதிக் கொடுத்தேன். “பின்னால் களவு போனால் யார் பொறுப்பு?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். உள்ளிருந்து தள்ளினால் திறந்து, திறந்த உடனே மணியும் ஒலிக்கும் பூட்டுகள் உள்ளன என்று பதில் எழுதியிருக்கிறேன்.