பட்டாளத்துப் பிள்ளைக்குப் பெரிய பெட்டி வேண்டாம், சின்னதாக அடிக்கடி அனுப்புங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகப் பிரித்தாலும் பழைய வடஆற்காட்டில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர். அப்படிப்பட்ட நம் பக்கத்திலேயே, எல்லையில் நிற்கும் பிள்ளைக்குப் பார்சல் கட்டுவதை ஏதோ சென்னை ஹாஸ்டலுக்கு அனுப்புவது போலச் செய்கிறோமே என்பதுதான் என் வருத்தம். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எட்டு கிலோ பெட்டி ஒன்று போகிறது. அது அங்கே சேரும்போது முறுக்கு மாவாகி, அதிரசம் பூசணம் பூத்து, ஊறுகாய் எண்ணெய் எல்லாவற்றிலும் ஊறியிருக்கிறது. சுட்ட கையில் குறையில்லை. பெட்டி எந்த வழியில் போகிறது என்று தெரியாமல் கட்டியதுதான் குறை.

வருஷத்துக்கு ஒரு பெரிய பெட்டிக்குப் பதில், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு கிலோவுக்குள் ஒரு சின்னப் பெட்டி. ஒவ்வொன்றிலும் கட்டாயம் ஒரு கடிதம். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

முதலில் முகவரி. ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், கம்பெனி, யூனிட், அப்புறம் ‘கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ (ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் ஆபீஸ்), கடைசியில் 9-இல் தொடங்கும் ஆறு இலக்க பின்கோடு. இவ்வளவுதான் இருக்க வேண்டும். லே, குப்வாரா, தவாங் என்று ஊர்ப் பெயர் எழுதவே கூடாது. பாதுகாப்பு ஒரு காரணம். ஊர்ப் பெயரைப் பார்த்து யாராவது சிவில் தபாலில் தள்ளிவிட்டால் பார்சல் திசைமாறிப் போகும் என்பது இன்னொரு காரணம். ராணுவத் தபாலைப் பிரிப்பதே அந்த 9 பின்கோடை வைத்துத்தான். ஒரு இலக்கம் தப்பினால் வேறு யூனிட்டுக்குப் போய்விடும். முகவரி மாறியிருக்கலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில், தண்ணீர் பட்டால் கலையாத மார்க்கரில் எழுதி, மேலே செல்லோ டேப் ஒட்டுங்கள். அதே முகவரியையும் உங்கள் முகவரியையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளும் போடுங்கள். மேல் தாள் கிழிந்தாலும் உள் தாள் காப்பாற்றும். கடற்படைப் பிள்ளைகளுக்கு முறை வேறு. கப்பல் பெயரோடு ஃப்ளீட் மெயில் ஆபீஸ் முகவரி போட வேண்டும்.

தனியார் கூரியரை நம்பி ஏ.பி.ஓ. முகவரிக்கு அனுப்பாதீர்கள். தபால் ஆபீஸ்தான் வழி. 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டதால் கவுன்டரில் ஸ்பீட் போஸ்ட் என்றே கேளுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 56 ஏ.பி.ஓ. தபால் டெல்லியில் உள்ள ராணுவ மையத் தபால் நிலையத்துக்கும், 99 ஏ.பி.ஓ. தபால் கொல்கத்தாவில் உள்ளதற்கும் போகும். அங்கிருந்து ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ், பிறகு யூனிட், பிறகு அவர் நிற்கும் காவல் முனை, அதாவது ‘போஸ்ட்’. டிராக்கிங் டெல்லியோடு நின்றுவிட்டது போலத் தெரிந்தால் பதற வேண்டாம். அதற்கு மேல் போகும் வழியை ஊரறியக் காட்டமாட்டார்கள்.

கடைசித் தூரத்தை நினைத்துக் கட்டச் சொல்வது இதனால்தான். காட்பாடியிலிருந்து டெல்லி வரை பெட்டிக்குப் பெரிய கஷ்டமில்லை. அதற்குப் பிறகு லாரி, ஹெலிகாப்டர், சில இடங்களில் ஆள் முதுகு. பனிக்காலத்தில் லடாக் போகும் வழியிலுள்ள ஜோஜிலா கணவாய் மூடினால் சாலை இல்லை, வானம் தெளியாவிட்டால் ஹெலிகாப்டரும் இல்லை. ரேஷனுக்கும் மருந்துக்கும் போகத்தான் தபாலுக்கு இடம். இரண்டு கிலோ பெட்டி எதன் இடுக்கிலாவது ஏறிவிடும். எட்டு கிலோ பெட்டி அடுத்த முறைக்குக் காத்திருக்கும். லடாக் பக்கம் இருப்பவருக்குத் தீபாவளிப் பலகாரம் செப்டம்பர் பாதிக்குள் கிளம்பிவிட வேண்டும். பொங்கலுக்கு என்றால் நவம்பர் கடைசி. லீவில் ஊருக்கு வரப்போகிறார் என்றால் ஒரு மாதம் முன்னாலேயே பார்சலை நிறுத்திவிடுங்கள். அவர் இங்கே இருக்கும்போது பெட்டி அங்கே கிடந்து வீணாகும்.

எதை வைப்பது? வழியில் வாரக்கணக்கில் கிடந்தாலும் கெடாததை மட்டும். இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் முதல் இடம். இட்லி கிடைக்காத இடத்திலும் சப்பாத்திக்கும் சோற்றுக்கும் போட்டுக்கொள்ளலாம். கால் கிலோ பாக்கெட்டாக இரண்டு. புளிக்காய்ச்சலை நல்லெண்ணெயில் எண்ணெய் பிரியும்வரை சுண்டக் காய்ச்சுங்கள். தண்ணீர்ப் பசை இருந்தால் ஒரு வாரத்தில் நுரைத்துவிடும். தேங்காயெண்ணெயில் செய்த எதுவும் வேண்டாம், குளிரில் உறைந்து கட்டியாகும். தேங்காய்ப்பால் முறுக்கு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். சாதா அரிசி முறுக்கு, தட்டை போதும். சுட்டு முழுதாக ஆறி, தாளில் எண்ணெய் வடிந்த பிறகே பாக்கெட் போட வேண்டும். சூடு கொஞ்சம் இருந்தாலும் உள்ளே வியர்த்து நமுத்துப்போகும். தட்டையைப் படுக்கவைத்துப் பரப்பாமல், டப்பாவில் அடுக்கி நிறுத்தி, இடையில் தாள் வையுங்கள். உடைவது பாதியாகும். அசாம், மணிப்பூர் பக்கம் ஈரக்காற்று, அங்கே இரட்டை பாக்கெட். ராஜஸ்தான் எல்லைக்குக் கோடையில் சாக்லேட், கடலை உருண்டை வேண்டாம், உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆற்காடு மக்கன் பேடா எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பாகில் ஊறிய இனிப்பு, தபாலுக்கு ஆகாது. அவர் லீவில் வரும்போது கொடுங்கள்.

உயரம் செய்யும் வேலை பலருக்குத் தெரிவதில்லை. லே சுமார் 11,500 அடி. அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 18,000 அடியில் பாதி. இங்கே காற்றோடு ஒட்டிய சிப்ஸ் பாக்கெட் அங்கே உப்பி வெடிக்கும், அழுத்தி மூடும் டப்பா தானாகத் திறக்கும், ஊறுகாய் பாட்டில் மூடி வழியாக எண்ணெய் கசியும். அதனால் பாக்கெட்டை ஒட்டும்முன் காற்றை வெளியே தள்ளுங்கள், வாக்குவம் பேக்கிங் செய்துதரும் கடை இருந்தால் இன்னும் நல்லது. ஊறுகாயைத் திருகுமூடி பிளாஸ்டிக் டப்பாவில் முக்கால் அளவே போட்டு, தனியாக இரண்டு கவரில் கட்டுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், பருப்பு லேசில் வேகாது. வடகம், அப்பளம் பொரிக்க அவரிடம் தனி அடுப்பும் எண்ணெயும் இருக்காது, சமையல் லங்கர் என்கிற படையின் பொதுச் சமையல்கூடத்தில்தான். பிரித்ததும் சாப்பிடக்கூடியதை அனுப்புங்கள்.

அளவைப் பற்றி ஒன்று. காலாட்படையில் ஒரு செக்‌ஷன் என்றால் சுமார் பத்துப் பேர். பெட்டி வந்தால் எல்லோருக்கும் நடுவில்தான் பிரியும். ஒருவருக்கு அரை கிலோ என்று கணக்குப் போடாமல், ஆளுக்கு இரண்டு வீதம் இருபது எள்ளுருண்டை என்று கணக்குப் போடுங்கள்.

ஸ்வெட்டர் வேண்டாம், உயரமான இடத்துக்குத் தேவையான உடுப்பைப் படையே கொடுக்கிறது. பருத்தி சாக்ஸும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காலின் சூட்டை அதுவே உறிஞ்சிவிடும். வாஸ்லின், உதடு வெடிப்புக்கு லிப் பாம், கால் பவுடர் உதவும். பேனாவோடு இரண்டு பென்சிலும் வையுங்கள், கடுங்குளிரில் பேனா மை உறையும், பென்சில் எழுதும். ஜலகண்டேஸ்வரர் கோயில் விபூதி, குங்குமம் தாராளமாக வைக்கலாம். கற்பூரம், தீப்பெட்டி, லைட்டர், பட்டாசு, சென்ட் ஸ்ப்ரே, பவர் பேங்க் கூடாது. தீப்பிடிக்கும் பொருள், விமானத் தபாலில் அனுமதி இல்லை. அட்டைப் பெட்டி ஐந்து அடுக்கு உள்ளதாக இருக்கட்டும். இடைவெளியைப் பழைய பேப்பருக்குப் பதில் துண்டு, கைலி, தமிழ் வாரப் பத்திரிகைகளால் அடையுங்கள், அவையும் அங்கே பயன்படும். குலுக்கிப் பார்த்தால் சத்தம் வரக் கூடாது.

இனி கடிதம். ‘தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம்’ என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சிக்னல் இல்லாத போஸ்டில் மாதக்கணக்கில் இருப்பவருக்கு உங்கள் வீடியோ கால் கிடைக்காது. காகிதத்துக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை, ராத்திரி டியூட்டி முடிந்து வந்து எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று இரண்டு வரியோடு நிறுத்தாதீர்கள். பாலாற்றில் தண்ணீர் வந்ததா, ஏரி கோடி போனதா, வேர்க்கடலை எத்தனை மூட்டை, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு யார் யார் வந்தார்கள், குழந்தைக்கு எந்தப் பல் விழுந்தது, இவற்றை எழுதுங்கள். அவர் இல்லாமல் நடந்ததை அவரும் இருந்து பார்த்த மாதிரி எழுத வேண்டும். குழந்தை கோணல்மாணலாக எழுதியதைத் திருத்தாமல் அப்படியே வையுங்கள். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் தேதியும் வரிசை எண்ணும் போடுங்கள். மூன்று கடிதம் ஒரே நாளில் சேர்வதும், பின்னது முந்துவதும் சகஜம். இன்லேண்ட் லெட்டருக்குள் எதையும் வைக்கக் கூடாது. போட்டோ வைப்பதென்றால் கவர்தான், பிரின்ட்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்தால் ஈரத்தில் ஒட்டாது.

பங்காளிச் சண்டை, கடன், மாமியார் மருமகள் மனஸ்தாபம் எழுதவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், மறைத்தாலும் அவருக்குத் தெரியத்தான் போகிறது. ஆனால் பாதியில் நிறுத்தாதீர்கள். ‘பட்டா விஷயமாக மறுபடி தகராறு’ என்று மட்டும் எழுதினால் அதற்குப் பதில் வரும்வரை துப்பாக்கியோடு நிற்கும் ஆளுக்குத் தூக்கம் போகும். என்ன நடந்தது, யாரிடம் மனு கொடுத்தோம், அடுத்த தேதி என்ன, இப்போது அவர் செய்ய வேண்டியது ஏதும் உண்டா, எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் முடியுங்கள். உயிர்போகும் அவசரத்துக்குக் கடிதம் உதவாது. ஒரு காலத்தில் தந்தி அடித்தால் லீவு கிடைத்தது, 2013 ஜூலையில் அந்தச் சேவையே மூடப்பட்டது. யூனிட் ஆபீஸ் எண்ணை இன்றைக்கே கேட்டு வாங்கி, வீட்டில் இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்சல் கட்டியதும் முகவரி தெரியப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எந்த யூனிட் எங்கே என்பதைத் துண்டு துண்டாகச் சேர்ப்பவர்களுக்கு அந்த ஒரு படம் போதும். ஆர்மி நம்பரையும் பெயரையும் வைத்து ஏமாற்றிப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டில் யாரும் படையில் இல்லை, ஆனாலும் ஏதாவது அனுப்ப ஆசை என்று கேட்கும் பள்ளிகளும் இளைஞர் மன்றங்களும் உண்டு. பெயர் தெரியாத வீரருக்கு, முகவரி தெரியாத யூனிட்டுக்கு உணவுப் பெட்டி அனுப்பாதீர்கள். அறியாதவர் அனுப்பிய பெட்டியைச் சந்தேகப்படுவது அவர்கள் கடமை. வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். டிசம்பர் 7 கொடி நாள், அதற்கு நிதி கொடுங்கள். உங்கள் தெருவிலேயே பிள்ளையைப் படைக்கு அனுப்பிவிட்டு இருக்கும் வயதான அம்மா யாராவது இருந்தால், பெட்டி கட்டவும் ஆங்கிலத்தில் முகவரி எழுதவும் அவருக்கு ஆள் தேவைப்படும். மார்க்கரும் டேப்பும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள்.