கடைசிப் பட்டை ஏன் குட்டை?

போன மார்ச்சில் என் தங்கை ஒரு உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்காகக் கீழே போய் வந்தாள். ராத்திரி கொடைக்கானல் பக்கத்துப் பெருமாள்மலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முகம் சரியில்லை. வீட்டுக்கு வந்து ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "அண்ணே, என் சைட்டேஷன் இந்த வருஷம் விழுந்துருச்சாம். கூகுள் ஸ்காலர் பக்கத்தைப் பெரிய திரையில போட்டுக் காமிச்சே சொல்லிட்டாங்க."

கூகுள் ஸ்காலர் என்பது ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளம். அதில் அவள் பக்கத்தை நானும் திறந்து பார்த்தேன். அவள் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் (அதுதான் சைட்டேஷன்) என்பதற்கு வருடத்துக்கு ஒரு பட்டை. ஐந்து வருடமாக ஏறிக்கொண்டே வருகிறது. கடைசிப் பட்டை மட்டும் குட்டை. அது நடப்பு ஆண்டு, மூன்று மாதம்கூட முடியவில்லை! பன்னிரண்டு மாதப் பட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எவருடைய பட்டையும் அப்படித்தான் தெரியும்.

எனக்கு ஆறவே இல்லை. ஏனென்றால் அவள் ஆராய்ச்சியே இதுதான். ஒரு வரைபடத்தைப் பார்க்கிறவர் மனம் எதை முதலில் பிடிக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பது. அறிதல் அறிவியலும் காட்சிப்படுத்தலும் சந்திக்கிற இடம்.

இந்தத் துறையில் எல்லாரும் தொட்டு ஆரம்பிக்கிற கட்டுரை, 1984இல் கிளீவ்லேண்டும் மெக்கில்லும் எழுதியது. ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் உயரங்களை நாம் நன்றாக ஒப்பிடுகிறோம், கோணத்தை அவ்வளவு சரியாக மதிப்பிடுவதில்லை என்று சோதித்துக் காட்டினார்கள். நான் கணக்கு வாத்தியார், வகுப்பிலேயே செய்து பார்த்தேன். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் மூட்டைக் கணக்கை வட்ட விளக்கப்படமாகப் போட்டபோது எது பெரிசு என்று பிள்ளைகளுக்குள் ஒரே சண்டை. பட்டையாகப் போட்டதும் ஒரே குரலில் பதில் வந்தது.

ஆக, நேர்காணலில் இருந்தவர்களின் கண்ணில் குறையில்லை. உயரம் குறைவு என்று சரியாகவே பார்த்தார்கள். அது எத்தனை மாதத்து உயரம் என்பதைக் கண் கேட்காது, ஆள்தான் கேட்க வேண்டும்.

பிறகு அந்த ஹெச்-இண்டெக்ஸ். ஒரு ஆய்வாளரை ஒரே எண்ணால் அளக்க ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் கொண்டுவந்த கணக்கு. ஒவ்வொன்றும் குறைந்தது இத்தனை மேற்கோள் பெற்ற கட்டுரைகள் அதே எண்ணிக்கையில் இருக்க வேண்டும்; அப்படி அமையும் மிகப் பெரிய எண்தான் அது. ஆறு கட்டுரைகள், மேற்கோள்கள் 40, 22, 9, 6, 5, 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஐந்து மேற்கோள் பெற்றவை ஐந்து, எனவே எண் 5. முதல் கட்டுரை 40க்குப் பதில் 4000 வாங்கியிருந்தாலும் அதே 5தான். ஒரு ஆளை எடை போட இது போதுமா?

இன்னொரு கேள்வியும் அவளைக் குடைந்தது. "மாநாட்டுக் கட்டுரையெல்லாம் எதுக்கும்மா?" என்றார்களாம். கணினி சார்ந்த துறைகளில் நல்ல மாநாட்டில் இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று அந்தப் பக்கத்து ஆளைக் கேட்டால் தெரியும். உளவியல்காரர்கள் இதழைப் பார்ப்பார்கள். இரண்டு துறைக்கும் நடுவில் நிற்கிற பிள்ளையை எந்தத் தராசில் நிறுப்பது?

எங்கள் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நினைத்துக்கொள்கிறேன். 1909 ஜனவரியில் எவர்ஷெட் என்ற வானியலாளர் இங்கேதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்று அது எவர்ஷெட் விளைவு. பெயரே நிலைத்துவிட்டதால் அதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் மூலக்கட்டுரையை மேற்கோள் பட்டியலில் சேர்ப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. மேகம் விலகும் நேரம் பார்த்து அங்கே நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். படம் பதிந்த பழைய தகடுகளை வைத்து இன்றும் ஆய்வு நடக்கிறது. குளிரில் நின்று தகடு மாற்றிய கைகளுக்கு எந்த ஸ்காலர் பக்கத்தில் பட்டை இருக்கிறது?

எண்ணவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இதழின் மதிப்பெண்ணை வைத்து ஆளை மதிப்பிடாதீர்கள் என்று சான் பிரான்சிஸ்கோவில் 2012இல் ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களுமே கூடிப் பேசி, 2013இல் அறிக்கை விட்டார்கள். 2015இல் லைடன் அறிக்கை வந்தது, எண் நிபுணரின் தீர்ப்புக்குத் துணையாகத்தான் இருக்க வேண்டும் என்று. நேர்காணலில் உட்காருகிற பெரியவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: அந்தப் பிள்ளையின் ஒரு கட்டுரையையாவது முந்தின நாள் படித்துவிட்டு வாருங்கள். பதினைந்து பக்கம் இருக்குமா?

அடுத்த நேர்காணல் ஜூலையில். இந்த முறை அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வைக்கிறாள். கடைசிப் பட்டைக்கு மேல் "ஜூன் வரை மட்டும்" என்று சிவப்பு மையில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.