கையா மட்டும் அளந்த வரைபடம் அன்று
பால்வழி மண்டலத்தைச் சூழ்ந்து பரவிக் கிடக்கும் வெளிப்புற விண்மீன் ஒளிவட்டத்தை, இடமாறு கோணங்களைக் (பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒரு விண்மீன் இடம் மாறித் தோன்றும் கோணம்) கொண்டே, விண்மீன்களின் இடங்களை அளந்த ஐரோப்பிய விண்கலமான கையா வரைந்து முடித்துவிட்டது என்று கட்டுரை கூறுவதை அப்படியே ஏற்க இயலவில்லை. சுமார் 3,26,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீனின் இடமாறு கோணம் ஒரு வில்விநாடியில் (பாகையில் 3,600-ல் ஒரு பங்கு) 1,00,000-ல் ஒரு பங்குதான்; அத்தொலைவில் தென்படும் மங்கலான விண்மீன்களைப் பொறுத்தவரை கையாவின் அளவீட்டுப் பிழையே இதைவிடப் பல மடங்கு பெரிது. அங்கே கைகொடுப்பவை ஆர்.ஆர். லைரே வகை மாறொளி விண்மீன்கள். ஒரு நாளுக்கும் குறைவான காலத்தில் பொலிவு கூடிக் குறையும் இவற்றின் உண்மையான ஒளிர்வு ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதால், நமக்குத் தெரியும் பொலிவிலிருந்து தொலைவைக் கணக்கிட முடிகிறது. தனுசுக் குறுமண்டலம் என்னும் சிறு விண்மீன் மண்டலத்திலிருந்து பால்வழியின் ஈர்ப்பால் பிய்ந்த விண்மீன் ஓடை ஏறத்தாழ 3 லட்சம் ஒளியாண்டு வரை நீள்வதை, ஹவாயிலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி பதிவுசெய்த ஆர்.ஆர். லைரேக்கள் தெளிவாகக் காட்டின. (இவ்வகை விண்மீன்களை ஏராளமாகக் கண்டறிந்ததில் கையாவுக்கும் பங்குண்டு, அது வேறு செய்தி.) அக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், தொலைவைக் கணக்கிட நீல விண்மீன்களை நிறத்தை மட்டும் பார்த்துப் பொறுக்கியெடுத்தாலே போதும் என்கிறார். கிடைமட்டக் கிளையைச் சேர்ந்த (மையத்தில் ஹீலியத்தை எரிக்கும்) முதிய நீல விண்மீன்களின் ஒளிர்வும் ஏறத்தாழ ஒரே அளவுதான்; ஆனால் அதே நிறத்தில், அவற்றைவிட ஒளிர்வெண்ணில் (வானியலாளர் பொலிவை அளக்கும் அளவுகோல்) ஏறத்தாழ 2 அளவு மங்கலான வேறொரு வகை நீல விண்மீன்களும் உள்ளன. அவற்றைத் தவறாக முதல் வகையில் சேர்த்தால் தொலைவு சுமார் இரண்டரை மடங்கு கூடிவிடும், வெற்றிடத்தில் இல்லாத ஓடை ஒன்று முளைத்துவிடும். விண்மீன்போலவே தெரியும் மங்கலான குவாசர்கள் (தொலைதூர மண்டலங்களின் ஒளிமிக்க மையங்கள்) கலந்துவிடும் தொல்லை தனி. நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகளின் அகலத்தைப் பார்த்து மேற்பரப்பு ஈர்ப்பை அறிந்த பிறகே அவ்விரு வகை விண்மீன்களையும் நம்பிக்கையுடன் பிரிக்க முடியும்.