திருடனைப் பிடியுங்கள், தெருவை அடைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை படத் திருட்டு பற்றி நடந்த நிகழ்ச்சியின் நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியும். எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். இன்று காலை அந்த நிகழ்ச்சியின் ஒரு துண்டு வீடியோவை நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதில் இரண்டு பேர் என்னோடு வேலை செய்தவர்கள்.

நான் கேட்டது ஒரே கேள்வி. 2012இல் படத் திருட்டைத் தடுக்கிறோம் என்று விமியோ, டெய்லிமோஷன் மாதிரியான வீடியோ தளங்களை முழுசாக முடக்கினார்களே, அது சரியா? மேடையில் இருந்த பெரியவர் பதிலே சொல்லவில்லை. "தம்பி, நீ எந்த டோரன்ட் சைட்டுக்கு வேலை பாக்குற? அப்ப முகமூடி மாட்டிக்கிட்டு நின்னவன் எல்லாம் ஓசியில படம் பாக்குற கும்பல்தான்" என்றார். டோரன்ட் சைட் என்றால் ஓசியில் படம் இறக்கும் தளம்; முகமூடி என்றது அந்தத் தடையை எதிர்த்துத் தெருவில் நின்றவர்களை. அரங்கம் சிரித்தது. மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

நான் ஒரு படத்தொகுப்பாளர். திருட்டு விசிடி என்ன செய்யும் என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். 2014இல் நான் வேலை செய்த ஒரு சின்னப் படம் வெளியான நான்காம் நாள், ஒரு பேருந்து நிலையத்தில் தார்ப்பாய் விரித்து அதை விற்றுக்கொண்டிருந்தார்கள். முப்பது ரூபாய். கவரில் போஸ்டரின் மங்கலான ஜெராக்ஸ். தொழில்நுட்பக் கலைஞர்கள் பெயர் இருக்கும் கடைசி வரி பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. என் பெயரில் முதல் இரண்டு எழுத்துதான் மிச்சம். அந்தப் படத்துக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கி இன்று வரை வரவில்லை. என்னைப் பார்த்துத்தான் ஓசிக் கும்பல் என்கிறார்கள்.

திருடனைப் பிடியுங்கள். அன்றும் அதைத்தான் சொன்னோம். தெருவை ஏன் அடைத்தீர்கள் என்பதுதான் கேள்வி.

'3' படத்துக்காக 2012 மார்ச்சிலும், 'தம்மு' என்ற தெலுங்குப் படத்துக்காக ஏப்ரல் 25 அன்றும் சென்னை உயர்நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார்கள். பெயர் தெரியாதவர்கள் மேல் வாங்குகிற உத்தரவு அது. வக்கீல்கள் 'ஜான் டோ' என்பார்கள், நம் நாட்டில் 'அசோக் குமார்' உத்தரவு என்றும் ஒரு பெயர் உண்டு. அசோக் குமார் யாரென்று யாருக்கும் தெரியாது, அதனால் எல்லோரும் அசோக் குமார். அதைக் காட்டி இணையச் சேவை நிறுவனங்கள் தளம் தளமாகப் பூட்டின. இத்தனைக்கும் '3' படத்தின் ஒரு பாட்டு 2011 நவம்பரில் உலகம் முழுக்கப் போனதே யூடியூபில் ஆளுக்கு ஆள் பகிர்ந்ததால்தான். பகிர்ந்தவர்களைக் கொண்டாடிவிட்டு ஆறு மாதத்துக்குள் அவர்கள் புழங்கும் இடத்துக்கே பூட்டுப் போட்டால் கோபம் வராதா?

எனக்கு வந்தது. அந்த மே மாதம் நான் வேலை தேடிக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்த ஒரே சொத்து ஏழு நிமிடக் குறும்படம், விமியோவில் ஏற்றி வைத்திருந்தேன். வடபழனியில் ஒரு அலுவலகத்தில் உதவியாளர் வேலைக்குப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். டிவிடியில் எழுதிக் கொடுக்க வழியில்லாமல் லிங்க்கை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். அங்கிருந்த அண்ணன் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். திரையில் நீதிமன்ற உத்தரவின்படி தளம் முடக்கப்பட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவர் திரும்பி, "என்னப்பா, கோர்ட்டு தடை பண்ணின படத்தையா எடுத்துட்டு வந்த?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வேலை வேறு ஒருவருக்குப் போனது.

என் சொந்தப் படம். நானே எடுத்தது, நானே வெட்டியது. அதில் யாருடைய பதிப்புரிமையை மீறினேன்?

"அப்படியானால் அனானிமஸ் என்கிற ஹேக்கர் கூட்டம் செய்தது சரி என்கிறாயா?" என்று உடனே வருவார்கள், தெரியும். சரி என்று சொல்லவில்லை. இந்தத் தடைகளுக்கு எதிர்ப்பு என்று மே 17 அன்று உச்ச நீதிமன்றத் தளத்தையும் காங்கிரஸ் கட்சித் தளத்தையும் செயலிழக்க வைத்தார்கள். வழக்குத் தேதி பார்க்க வந்த ஏழைக்கு அதனால் என்ன லாபம்? அப்புறம் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் சர்வருக்குள் நுழைந்ததாக அறிவித்து, முடக்கப்பட்ட தளங்களின் பட்டியலை வெளியிட்டார்கள். அந்தப் பட்டியல் வெளியே வந்தது நல்லது, வந்த வழி தப்பு. இதற்கு மேல் என்ன சொல்ல?

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். இந்தத் தாக்குதல் பழக்கத்தை யார் ஆரம்பித்தது? 2010இல் பெங்களூரு நிறுவனம் ஒன்று, படத் துறைக்காக டோரன்ட் தளங்களைத் தாக்கி முடக்குவதாகத் தானே பத்திரிகைக்குச் சொன்னது. அதற்குப் பதிலடியாகத்தான் அனானிமஸ் 'ஆபரேஷன் பேபேக்' என்று கிளம்பியது. அந்த நிறுவனத்தின் தளமும் அமெரிக்கத் திரைப்படச் சங்கத்தின் தளமும் விழுந்தன. 2013இல் அந்த ஆபரேஷனுக்காக 13 பேர் மீது அமெரிக்காவில் குற்றச்சாட்டுப் பதிவானது. ஆள் வைத்துத் தாக்கினால் தொழில் பாதுகாப்பு, மாணவன் தாக்கினால் குற்றம். இரண்டும் குற்றம் என்று மேடையில் ஒருவர் சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன்.

எதிர்த்தவர்கள் எல்லோரும் ஹேக்கர்களும் இல்லை. அமெரிக்காவில் திருட்டுத் தளங்களை முடக்கக் கொண்டுவந்த சோபா மசோதாவை ஆதரித்த கோடாடி என்ற இணைய முகவரி விற்கும் நிறுவனம், வாடிக்கையாளர்கள் கொத்தாக வெளியேறியதும் 2011 டிசம்பரில் பின்வாங்கியது. 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா எதிர்ப்புக் காட்டி ஒரு நாள் முழுக்கத் தன் பக்கங்களை இருட்டாக்கியது, இரண்டே நாளில் மசோதாவைத் தள்ளி வைத்தார்கள். இங்கேயும் ஜூன் 9 அன்று மும்பை ஆசாத் மைதானம் உள்பட பல ஊர்களில் பிள்ளைகள் வெயிலில் முகமூடியோடு நின்றார்கள். ஒரு கல் எறியவில்லை. அவர்களையும் சேர்த்துத்தானே கும்பல் என்றீர்கள்?

"அப்போ தயாரிப்பாளர் எப்படிப் பிழைப்பார்?" இதற்கு ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. 2004இலேயே திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்துவிட்டது தமிழ்நாடு. மத்திய அரசின் சினிமாட்டோகிராஃப் சட்டத்தில் 2023இல் வந்த திருத்தத்தின்படி மூன்று ஆண்டு வரை சிறை. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. திருட்டுப் படம் இருக்கிற முகவரியைக் காட்டுங்கள், அதை எடுக்கச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை, அதே உயர்நீதிமன்றம் 2012 ஜூன் 22 அன்று சொன்னது: தடை குறிப்பிட்ட இணைய முகவரிக்கு மட்டும்தான், முழுத் தளத்துக்கு இல்லை, முகவரி விவரத்தை 48 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இணையச் சேவை நிறுவனங்கள் போய்க் கேட்ட பிறகு வந்த விளக்கம் அது. நான் ஞாயிற்றுக்கிழமை கேட்டதும் அதே விஷயம். நீதிபதியைப் பார்த்தும் எந்த டோரன்ட் சைட் என்று கேட்பீர்களா?

உண்மையில் எனக்கு வலித்தது அந்தப் பெரியவர் பேச்சு இல்லை. அவர் பணம் போட்டுப் பணத்தை இழந்தவர், அந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது. முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவர்களில் மூன்று பேர், பழைய லேப்டாப்பில் திருட்டு மென்பொருளில் எடிட்டிங் கற்றுக்கொண்டவர்கள். எனக்குத் தெரியும், பக்கத்து மேசையில் நானும் இருந்தேன். அவர்களுக்கு அந்தச் சிரிப்பு எப்படி வந்தது?

நேற்று யூடியூபில் ஏற்றிய முழு நிகழ்ச்சியில் என் கேள்வி இல்லை. அவர் பதிலும் சிரிப்பும் மட்டும் இருக்கின்றன. வெட்டு விழுந்த இடம் எனக்குத் தெரிகிறது, சத்தம் குதிக்கிறது. ஏற்பாட்டாளர்களுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். கேள்வியைச் சேர்த்து மறுபடி ஏற்றுங்கள். நாற்பது நொடிகூட வராது.