மேடையில் இருந்தது பொம்மனும் பெள்ளியும் அல்ல

"ஆஸ்கர் மேடையில் நம்ம தெப்பக்காடு பொம்மனும் பெள்ளியும் விருது வாங்கியபோது கண் கலங்கிவிட்டது, இந்தியாவுக்கே முதல் ஆஸ்கர்" என்று 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' படத்தில் வரும் யானைப் பராமரிப்பாளர் தம்பதியைப் பற்றி உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். கூடலூர்க்காரனான எனக்கும் அந்த ஆசை உண்டு அண்ணா. ஆனால் அப்படி நடக்கவில்லை.

2023 மார்ச் 13, நம் நேரத்துக்கு விடியற்காலை 5.30 மணி. போர்வையைச் சுற்றிக்கொண்டு, கட்டஞ்சாயா டம்ளரோடு டிவி முன்னால் உட்கார்ந்தவன் நான். 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணக் குறும்படப் பிரிவில் ஜெயித்ததும் மேடையேறியவர்கள் இயக்குநர் கார்த்திகி கோன்சால்வஸும் தயாரிப்பாளர் குனீத் மோங்காவும். கார்த்திகி ஊட்டியில் வளர்ந்தவர், அந்த வகையில் நம்ம ஊர்ப் பெண்தான். அவர் பேசி முடித்து, குனீத் மைக் பக்கம் வருவதற்குள் இசையைப் போட்டு முடித்துவிட்டார்கள். பேச்சுக்கு 45 விநாடிதான் என்பது அங்கே வழக்கம், சரி. அதற்காக வாயைத் திறக்கக்கூடவா விடக்கூடாது? எனக்குச் சாயாவே கசந்துவிட்டது.

அப்புறம் அந்த 'முதல் ஆஸ்கர்'. 'காந்தி' படத்தின் ஆடை வடிவமைப்புக்காக பானு அத்தையா 1983-லேயே வாங்கிவிட்டார். 2009-ல் ரஹ்மான் இரண்டு வாங்கினார். இந்தியத் தயாரிப்புக்கு முதல் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

பொம்மனும் பெள்ளியும் கையில் சிலையோடு சிரிக்கும் படத்தைப் பார்த்துத்தான் குழம்பியிருப்பீர்கள். அது கார்த்திகி சிலையைக் கொண்டுவந்து அவர்களிடம் காட்டியபோது எடுத்தது.